மொரோக்கோ வீட்டில் ஒரு புதிய பிள்ளை
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்திருக்கும் கடிதங்கள் அனைத்தும் ஒரே பொருளைச் சுற்றியவை. பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் மூலம் மொரோக்கோவில் இளைஞர் மேம்பாட்டுப் பணிக்குச் சென்றிருக்கும், அல்லது செல்லவிருக்கும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய வீட்டார் எழுதியிருக்கிறார்கள். அந்த அமைப்பின் தொண்டர்கள் 1963-லிருந்து மொரோக்கோவுக்குப் போய்வருகிறார்கள். பயிற்சியையும் சேர்த்தால் பணிக்காலம் ஏறத்தாழ 27 மாதங்கள். அதன் தொடக்கப் பகுதியை உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில், அவர்களோடு உண்டு உறங்கிக் கழிக்க வேண்டும். அந்நாட்டுச் சிற்றூர்களில் குடும்பங்களோடு வாழ்ந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

என் மகள் அங்கே போய்ச் சில வாரங்களே ஆகின்றன. அறைக் கதவைச் சாத்தினால் உடனே யாராவது வந்து தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்களாம். தனியாக ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் அழுகிறாள். வேறு வீடு கேட்கச் சொல்லலாமா?
— ஒரு தாய், நியூஜெர்சி

அவசரப்பட வேண்டாம் அம்மா. உங்கள் மகள் சொல்வது புதிதாகப் போகும் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். அதற்காக அவளுடைய வருத்தம் சிறியது என்று நான் சொல்ல வரவில்லை. நடுத்தர மொரோக்கோ வீட்டில் வாழ்க்கை முழுவதும் கூடத்தில்தான் நடக்கிறது. சுவரை ஒட்டி மூன்று பக்கமும் ஸதாரி என்னும் நீளமான மெத்தை இருக்கைகள் போடப்பட்டிருக்கும். பகலில் விருந்தினர் அமர்வதும், மாலையில் பிள்ளைகள் பாடம் படிப்பதும், இரவில் பாதிக் குடும்பம் போர்வையை இழுத்துக்கொண்டு உறங்குவதும் அங்கேயேதான். தனி அறையும் கதவும் உங்கள் மகளுக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தவையாக இருக்கக்கூடும். அந்த அறையில் முன்பு படுத்திருந்த பிள்ளைகள் இப்போது கூடத்தில் படுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்தால், அவருக்கு நோய் வந்திருக்க வேண்டும், அல்லது யாரோ அவர் மனத்தைப் புண்படுத்தியிருக்க வேண்டும் என்றுதான் வீட்டுக்காரம்மா எண்ணுவார்.

இன்னொன்றையும் உங்கள் மகள் அறிந்திருப்பது நல்லது. தெருவில் அவள் நடந்தால் அவள் இன்னாருடைய வீட்டுப் பெண் என்றே ஊர் பார்க்கிறது. அந்த வட்டாரத்தின் மொகத்தம், அதாவது அரசின் கீழ்மட்ட அலுவலர், வெளிநாட்டுப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள், எப்போது வந்தாள் என்று அந்த அம்மாவிடம்தான் விசாரிப்பார். அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்லப்போவதும் அந்த அம்மாதான். கதவைத் தட்டுவது அந்தப் பொறுப்புணர்ச்சியால்தான்.

நடைமுறையில் உதவும் வழி ஒன்று உண்டு. தனிமையைச் சொல்லாமல் எடுத்துக்கொள்ளாமல், சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதிய உணவுக்குப் பிறகு வீடே சற்று ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் “நான் மொழிப் பாடம் படிக்கப் போகிறேன்” என்று சொல்லி எழுந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், கதவையும் தட்ட மாட்டார்கள். மறுபக்கம், மாலை நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கட்டும்: அடுக்களையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கலாம், மாவு பிசையும்போது தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம், சின்னப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தைப் பார்க்கலாம். தன்னோடு உட்கார்ந்த பெண்ணை வீட்டுக்காரம்மா தனியே விடவும் தயங்க மாட்டார்.

ஆனால் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலுள்ள எவருடைய பார்வையோ தொடுதலோ பேச்சோ அவளை அச்சுறுத்தினால், இரவில் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லாதிருந்தால், அது பண்பாட்டு வேறுபாடு அன்று. அன்றே பயிற்சி அலுவலருக்குத் தெரிவித்து வீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த விருந்தோம்பலுக்காகவும் அதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எங்கள் வீட்டுப் பையன் பிறவியிலிருந்தே சைவம். மொரோக்கோவில் எல்லாவற்றிலும் இறைச்சி என்கிறார்களே, எப்படிச் சமாளிப்பான்?
— ஒரு மாமா, மதுரை

சமாளிக்கலாம், பட்டினி கிடக்க வேண்டிய நாடு அன்று அது. காய்ந்த ஃபாவா அவரைக் கொட்டையை மசிய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவித் தரும் பிஸாரா, தக்காளியும் பூண்டும் சேர்த்து வேகவைத்த பருப்பு, வெள்ளை அவரைக் கொட்டைக் குழம்பு, சுட்ட கத்தரிக்காயில் செய்யும் ஸாலூக் ஆகியவை ஏழை வீடுகளில் அன்றாட உணவு. காலையில் அடுக்கடுக்காக மடித்துச் சுடும் ம்ஸெம்மென் ரொட்டி, ரவையில் செய்த ஹர்ஷா, மேலே நூற்றுக்கணக்கான கண்கள் திறந்திருக்கும் பக்ரீர் ஆகியவை தேனோடோ ஆலிவ் எண்ணெயோடோ வரும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மண்பாத்திரத்தில் மெல்ல வேகும் குழம்பான தஜினிலும், ரவைக் குருணையை ஆவியில் வேகவைத்துச் செய்யும் வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸிலும்தான். இறைச்சியை அடியில் வைத்து அதன் மேல் காய்களை அடுக்கி ஒரே பாத்திரத்தில் வேகவைப்பதால், காயை மட்டும் எடுத்து உண்டாலும் சாறு இறைச்சியினுடையது. கூஸ்கூஸ் கொதிக்கும் குழம்பின் ஆவியில்தான் வேகிறது. அந்தக் குழம்பிலும் இறைச்சி இருக்கும். எனவே அவன் எந்த அளவு வரை ஏற்பான் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதை முதல் நாளே, மொழி ஆசிரியரின் உதவியோடு, குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். கோழி, மீன், குழம்பின் சாறு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னால், இத்தனை நாளும் தன் சமையலை வெறுத்துக்கொண்டே உண்டான் என்று அந்த அம்மா மனம் நோவார். மதத்தாலும் குடும்ப வழக்கத்தாலும் வந்த விரதம் என்று விளக்கினால் எளிதில் புரிந்துகொள்வார்கள். உணவில் விலக்கு என்பது அவர்களுக்கும் பழக்கமானதுதான்.

உண்ணும் முறையையும் கற்றுக்கொள்ளட்டும். வட்ட மேசையின் நடுவில் ஒரே பெரிய தட்டு. ‘பிஸ்மில்லா’ சொன்ன பிறகு, வலக்கையால், ரொட்டித் துண்டைக் கொண்டு, தனக்கு நேரே உள்ள பகுதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். நடுவிலுள்ள இறைச்சியை இறுதியில் வீட்டுத் தலைவரோ தலைவியோ பிய்த்து ஒவ்வொருவர் முன்னும் வைப்பார்கள். உங்கள் பையன் முன்னும் வரும். அதைச் சிரித்த முகத்தோடு பக்கத்திலிருக்கும் சிறுவனுக்குத் தள்ளிவிட்டால் வீட்டில் அவனுக்கு ஒரு நிரந்தர நண்பன் கிடைப்பான். “உண், உண்” என்ற வற்புறுத்தல் ஓயாது. “அல்ஹம்துலில்லா, வயிறு நிறைந்துவிட்டது” என்று இரண்டு மூன்று முறை சொல்லத்தான் வேண்டும். முதல் மறுப்பை எவரும் மறுப்பாகக் கருதுவதில்லை. கூஸ்கூஸோடு வரும் ல்பென் நம் மோருக்கு மிக நெருக்கம். அதைக் குடிக்கும்போது பையனுக்கு வீட்டு நினைவு வரும். ரொட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் குப்பையில் போட வேண்டாம். கீழே விழுந்த துண்டைக்கூட எடுத்து உயரமான இடத்தில் வைப்பார்கள்.

பல்கலைக்கழகத்தில் அரபு படித்தவள் என் தங்கை. அங்கே போனதும் அவள் பேசுவது யாருக்கும் புரியவில்லையாம், அவர்கள் பேசுவது அவளுக்கும் புரியவில்லையாம். இது எப்படி?
— ஒரு வாசகர், சென்னை

அவள் படித்தது செய்தித்தாளின் அரபு. வீட்டில் பேசுவது டாரிஜா என்னும் மொரோக்கோப் பேச்சு அரபு. அதில் பிரெஞ்சும் ஸ்பானியமும், பெர்பர் மக்களின் அமாசிக் மொழியும் கலந்திருக்கும், உயிரொலிகள் சுருங்கி மெய்யொலிகள் நெருங்கி நிற்கும். மத்திய அட்லஸ் மலைப்பகுதியிலோ தெற்கில் சூஸ் பகுதியிலோ இருந்தால், வீட்டுக்குள் அமாசிக் மொழியே ஓடும். 2011 அரசமைப்பு அதை அரபுக்கு இணையான அலுவல் மொழியாக ஏற்றிருக்கிறது. பாட்டிக்கு அது மட்டுமே தெரியும் என்பதும் உண்டு.

இலக்கணத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, வாழ்த்துகளை முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொரோக்கோவில் பேச்சு என்பதே பாதி வாழ்த்துதான். நலமா, வீட்டார் நலமா, பிள்ளைகள் நலமா, உடல் நலமா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு, இருவருமே பதிலுக்குக் காத்திராமல் இறைவனுக்கு நன்றி சொல்லி முடிப்பார்கள். குளித்து வந்தவருக்கும் புத்தாடை அணிந்தவருக்கும் ‘பிஸ்ஸஹா’ என்று நலம் வாழ்த்த வேண்டும். உதவி கேட்கும்போது “உன் பெற்றோருக்கு இறைவன் அருள்புரியட்டும்” என்று சொல்ல வேண்டும். இவற்றை உரிய இடத்தில் சொல்லும் அயல்நாட்டுப் பெண்ணின் வினைச்சொல் பிழைகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. சலிக்காமல் திருத்தும் ஆசிரியர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்: ஆறேழு வயதுப் பிள்ளைகள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கையும் தெரிந்துகொள்ளட்டும். நாணயம் திர்ஹம்தான் என்றாலும், சந்தையில் பலர் விலையை ரியாலில் சொல்வார்கள். அப்படி ஒரு காசு கிடையாது. 20 ரியால் ஒரு திர்ஹம் என்பது வாய்க்கணக்கு. நூறு ரியால் என்றால் 5 திர்ஹம், ஆயிரம் ரியால் என்றால் 50 திர்ஹம். வீட்டுப் பையன் ஒருவனை முதல் சில முறை சந்தைக்கு உடன் அழைத்துப் போவது நல்லது.

குடும்பத்தோடு பொதுக் குளியலறைக்கு வரச் சொல்கிறார்களாம். என் மகளுக்குக் கூச்சமாக இருக்கிறது. மறுத்தால் தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

தவறில்லை, ஆனால் ஒருமுறையாவது போகச் சொல்லுவேன். ஹம்மாம் எனப்படும் அந்தப் பொதுக் குளியலறையில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனிப் பகுதியோ தனி நேரமோ உண்டு. வெதுவெதுப்பான அறையிலிருந்து மிகச் சூடான அறைக்குப் போய், வாளிகளில் நீர் பிடித்துக்கொண்டு, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பைப் பூசி உடல் ஊறியதும், கீஸ் என்னும் சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பார்கள். உள்ளாடையோடு இருப்பதே வழக்கம். எவரும் எவரையும் உற்றுப் பார்ப்பதில்லை. முதுகை ஒருவருக்கொருவர் தேய்த்துவிடுவார்கள். வீட்டில் வெந்நீர் வசதி குறைவாக இருக்கும் ஊர்களில் வாரம் ஒருமுறை நன்றாகக் குளிக்கும் இடமும் அதுதான், பெண்கள் கட்டுப்பாடின்றிப் பேசிச் சிரிக்கும் இடமும் அதுதான். தொடர் வறட்சியால் 2024 தொடக்கத்தில் பல நகரங்களில் ஹம்மாம்களை வாரத்தில் 3 நாள் மூடச் சொன்னார்கள். ஆகவே வாளி நீரைச் சிக்கனமாகச் செலவிடட்டும்.

என் மகனை அமெரிக்கன் என்று யாரும் நம்புவதில்லை. ‘இந்தி’, அதாவது இந்தியன், என்றே கூப்பிடுகிறார்கள். கூடவே, நீ ஏன் முஸ்லிம் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார்களாம். ரமலானும் வரப்போகிறது. அவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— ஒரு தந்தை, டெக்சாஸ்

முதல் செய்தி அவனுக்கு உண்மையில் ஒரு வரம். மொரோக்கோவில் இந்தித் திரைப்படங்கள் மீது தலைமுறை தலைமுறையாகப் பற்று உண்டு. மராகேஷ் திரைப்பட விழாவில் ஷாருக் கானைப் பார்க்கத் திரண்ட கூட்டம் பெயர்பெற்றது. அரபு ஒலிச்சேர்க்கையோடு இந்தியத் தொடர்களும் வீடுகளில் ஓடுகின்றன. இந்திய முகத்தோடு போகும் பிள்ளைக்குப் பாட்டிமாரிடம் கிடைக்கும் வரவேற்பு தனிதான். அமெரிக்கர்கள் என்றால் பல நிறத்தவர், பல மதத்தவர் என்பதை அவன் முகமே அந்த வீட்டுக்குக் கற்பிக்கிறது. எரிச்சலின்றி, கேட்பவருக்கெல்லாம் ஒரே கதையை மீண்டும் சொல்லட்டும்: பிறந்தது அமெரிக்காவில், பெற்றோர் வந்தது தமிழ்நாட்டிலிருந்து.

மதம் மாறச் சொல்வது பெரும்பாலும் அன்பினால்தான். தம் வீட்டில் உண்டு உறங்கும் பிள்ளை மறுமையிலும் தம்மோடு இருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறார்கள். அதோடு வாதிட வேண்டாம். “என் தாய் தந்தையின் மதத்தில் இருக்கிறேன், உங்கள் மதத்தை மதிக்கிறேன்” என்று பெற்றோரை முன்னிறுத்திச் சொல்லும் விடை அங்கே செல்லுபடியாகும், ஏனெனில் பெற்றோருக்குக் கட்டுப்படுதல் அவர்களுக்கும் புனிதம். ஒன்றை மட்டும் அவன் மறக்கக் கூடாது: முஸ்லிம் ஒருவரின் நம்பிக்கையைக் குலைக்க முயல்வது மொரோக்கோச் சட்டப்படி குற்றம். மன்னரைப் பற்றியும், மொரோக்கோ தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் மேற்கு சகாராவைப் பற்றியும், இஸ்லாத்தைப் பற்றியும் விவாதம் செய்யாதிருப்பது அவனுக்கு மட்டுமன்றி அவனை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு. மொரோக்கோவின் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதார் நுழைவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளட்டும்.

ரமலானில் நோன்பிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கு இல்லை. ஆனால் தெருவிலோ வேலையிடத்திலோ தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சில நாள்களாவது குடும்பத்தோடு நோன்பிருந்து பார்த்தால், மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்கான அழைப்பு ஒலித்ததும் பேரீச்சையும் ஹரீரா சூப்பும் எள்ளும் தேனும் மணக்கும் ஷெபாக்கியாவும் சூழ உட்கார்ந்திருக்கும் அந்த வேளையின் மகிழ்ச்சி அவனுக்கும் சொந்தமாகும். 2018 முதல் மொரோக்கோவின் கடிகாரம் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடினாலும், ரமலான் மாதத்தில் மட்டும் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது. நீங்கள் தொலைபேசியில் அழைக்கும்போது இதைக் கவனியுங்கள். நோன்பு திறக்கும் வேளையில் எவரும் எடுக்க மாட்டார்கள்.

என் மகன் இளைஞர்களுக்காக உழைக்கப் போனான். ஆனால் இளைஞர் இல்லம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்றும், தான் வீடு வீடாகத் தேநீர் குடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றும் வருந்துகிறான். இது கால விரயம் இல்லையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

ஐயா, என் கருத்தில் அந்தத் தேநீர்தான் அவனுடைய முதல் வேலை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, காரணத்தை விளக்குகிறேன்.

தார் ஷபாப் எனப்படும் இளைஞர் இல்லம் அரசின் இளைஞர் துறையைச் சேர்ந்தது. ஒரு முதீர், அதாவது பொறுப்பாளர், அதை நடத்துவார். உள்ளூர்ச் சங்கங்கள் அங்கே நாடகமும் விளையாட்டும் மொழி வகுப்பும் நடத்தும். பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவது மாலையில்தான். தேர்வுக் காலத்தில், அதிலும் பக்கலோரியா என்னும் பள்ளி இறுதித் தேர்வை எழுதும் ஆண்டில், எவரும் வர மாட்டார்கள். ரமலானில் எல்லாம் இரவுக்கு மாறும். இந்த ஓட்டம் அறியாதவருக்குக் கட்டடம் பூட்டியே கிடப்பதாகத் தோன்றும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு தாய் தன் பதினான்கு வயது மகளை ஓர் அயல்நாட்டு இளைஞன் நடத்தும் வகுப்புக்கு ஏன் அனுப்ப வேண்டும்? அவன் யார், எப்படிப்பட்டவன் என்று அவளுக்கு யார் சொல்வார்? அவன் தங்கியிருக்கும் வீட்டின் அம்மாதான் சொல்வார்: ஹம்மாமில், ரொட்டி சுடக் கொண்டுபோகும் ஊர் அடுப்பருகில், திருமண வீட்டில். அவன் நேரத்துக்கு வீடு திரும்புகிறான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான், என் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறான் என்று அந்த அம்மா சொல்லும் சான்றுக்கு எந்த அலுவலகக் கடிதமும் ஈடாகாது. குடும்பத்தோடு நல்லுறவு இல்லாத தொண்டர் எவ்வளவு திறமையாக வகுப்பைத் திட்டமிட்டாலும் நாற்காலிகள் நிரம்புவதில்லை.

தேநீரையும் அவன் சாதாரணமாக எண்ண வேண்டாம். சீனத்திலிருந்து வரும் உருண்டைப் பச்சைத் தேயிலையை முதலில் வெந்நீரில் அலசி, புதினாவும் கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியிலிருந்து உடைத்த பெரிய துண்டுகளும் சேர்த்து, கோப்பையில் ஊற்றி மீண்டும் பாத்திரத்திலேயே கொட்டிப் பதம் பார்த்து, கையை உயர்த்தி நுரை எழ ஊற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். அந்த அரை மணியில்தான் எந்த வீட்டுப் பையன் பள்ளியை விட்டான், யாருடைய மகள் கால்பந்து ஆட விரும்புகிறாள், முதீரோடு யாருக்கு மனத்தாங்கல் என்பதெல்லாம் வெளிவருகிறது. அவன் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு இரவில் இவற்றை எழுதிவைத்தால், சில மாதங்களில் அந்த ஊருக்கு எது தேவை என்பது அவனுக்கே புலப்படும்.

இதற்கிடையில் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கலாம். 2023-24 கல்வியாண்டிலிருந்து நடுநிலைப் பள்ளிகளில் ஆங்கிலத்தை விரிவுபடுத்தி வருகிறார்கள், ஆகவே அதைக் கற்க ஆர்வம் மிகுதி. கூடத்து ஸதாரியில் வீட்டுப் பையனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் உட்காரும் பாடம், அடுத்த மாதம் இளைஞர் இல்லத்துக்கு நகர்ந்துவிடும்.

மொரோக்கோ வெப்ப நாடுதானே, கனமான உடைகள் எதற்கு என்கிறாள் என் பேத்தி.
— ஒரு பாட்டி, கோவை

கட்டாயம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மத்திய அட்லஸிலுள்ள இஃப்ரானில் 1935-ல் பதிவான -23.9 பாகை செல்சியஸ் ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை. அவ்வளவு உயரம் இல்லாத ஊர்களிலும் சிமெண்டு வீடுகளில் சூடேற்றும் வசதி பெரும்பாலும் கிடையாது. வெளியே வெயில் அடிக்கும்போதும் வீட்டுக்குள் கை விறைக்கும். கம்பளி உள்ளாடைகளும் தடித்த காலுறைகளும் போதும். மீதியைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், கனத்த போர்வைகளை வீட்டாரே அடுக்குவார்கள்.

தெருவில் ஆண்கள் பின்தொடர்ந்து பேசுகிறார்கள் என்று மகள் சொல்கிறாள். வீட்டாரிடம் சொல்லத் தயங்குகிறாள்.
— ஒரு தாய், கலிஃபோர்னியா

சொல்லட்டும், இன்றே சொல்லட்டும். பொது இடத்தில் பெண்களைத் தொல்லை செய்வதைக் குற்றமாக்கும் 103-13 எண்ணுள்ள சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆனால் சிற்றூரில் சட்டத்துக்கு முன்னால் விரைந்து வேலை செய்வது குடும்பத்தின் பெயர்தான். வீட்டுத் தங்கையோ அத்தையோ முதல் சில வாரங்கள் உடன் நடந்து, கடைக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் “இவள் எங்கள் பெண்” என்று அறிமுகம் செய்துவிட்டால் அந்தத் தெருவில் தொல்லை பெருமளவு குறைகிறது. தொடர்ந்து ஒருவனே வந்தால் அமைப்பின் பாதுகாப்பு அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். அவள் செய்த எதனாலும் இது நேரவில்லை என்பதை நீங்களும் அவளிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுப் பெண் முதன்முதலாக அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழையும்போது என்ன கொண்டுபோகலாம்? தனி வீட்டுக்கு மாறும்போது என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, சிங்கப்பூர்

ஊரிலிருந்து குடும்பப் படங்கள் சிலவற்றை அச்சிட்டு எடுத்துப் போவது எல்லாவற்றிலும் மேல். உங்களையெல்லாம் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு அவள் முழுமையான பிள்ளையாவாள். பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில்கள், அம்மாவுக்கு ஒரு மென்மையான துப்பட்டா போதும். மது கலந்த இனிப்பு வேண்டாம். பின்னாளில் உறவினர் வீடுகளுக்குப் போகும்போது சர்க்கரைக் கூம்பு ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். பிறப்பு, திருமணம், துக்கம் என எல்லாவற்றுக்கும் அதுவே வழக்கமான காணிக்கை. தங்கும் செலவுக்குக் குடும்பத்துக்குத் தொகை கிடைப்பதால், தனியாகப் பணம் நீட்ட வேண்டாம். அது மனத்தைப் புண்படுத்தும்.

தனி வீட்டுக்கு மாறும் நாளைப் பல நாள்களுக்கு முன்பே சொல்லி, அமைப்பின் விதிப்படி மாறுவதாக விளக்க வேண்டும், இல்லாவிட்டால் தாங்கள் செய்த குறையால் போகிறாள் என்று கலங்குவார்கள். மாறிய பிறகும் வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸுக்கு அவர்கள் வீட்டுக்கே போகட்டும். அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் அவளுக்குரிய இடத்தை விட்டே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.